கொடிசியா கே-பாப் விழா: கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது?

கோபியிலிருந்து மகளோடு கோவை கொடிசியா வளாகத்தில் நடக்கும் கே-பாப் (கொரிய பாப் இசை) விழாவுக்குப் போகணும், கூட்டம்தான் பயம் என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள் அக்கா. மேடைக்கு நேர் முன்னால் மட்டும் வேண்டாம், இடிபடுவது அங்கேதான். வெளிவாசல் கண்ணில் படுகிற மாதிரி ஓரமாக நில்லுங்கள். உள்ளே போனை நம்பாமல், பிரிந்துவிட்டால் சேர ஓர் இடத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பாப்பாவிடம் ஆர்மி பாம் (பி.டி.எஸ் குழுவின் ரசிகர்கள் கையில் பிடித்து ஆட்டும் விளக்கு) இருந்தால் மூன்று டிரிபிள் ஏ பேட்டரி உபரியாக எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் வரும்போது பேட்டரியைக் கழற்றிவிடுவது நல்லது, பைக்குள் பொத்தான் அழுந்தி விளக்கு தானாக எரியும்.

அப்புறம் போட்டோகார்டு, அதாவது பாட்டு ஆல்பத்தோடு வரும் பாடகர்களின் சின்னப் பட அட்டை. ஆல்பத்துக்குள் யார் படம் வரும் என்பது அதிர்ஷ்டம், அதனால் மாற்றிக்கொள்ளப் பிள்ளைகள் மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடும். நீங்களும் பக்கத்திலேயே இருங்கள். காந்திபுரம் போய்த்தான் கோபி பஸ் ஏறணும், கடைசிப் பாட்டுக்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.