கணவரின் சைல்டு சப்போர்ட் பாக்கிக்கு என் ரீஃபண்டையும் பிடிக்கலாமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். கணவருக்கு இது இரண்டாவது திருமணம். முதல் திருமணத்தில் பிறந்த மகன் தன் அம்மாவோடு பென்சில்வேனியாவில் இருக்கிறான். மகனின் பராமரிப்புக்கான சைல்டு சப்போர்ட்டைக் கணவரின் சம்பளத்திலிருந்தே மாதாமாதம் பிடித்துவிடுகிறார்கள். ஆனால் நடுவில் அவருக்கு வேலை போயிருந்த மாதங்களின் பாக்கி நாலாயிரம் டாலருக்கு மேல் நிற்கிறது. 2025-ஆம் ஆண்டுக்கான வரி ரிட்டர்னை இருவரும் சேர்ந்து ஜாயின்டாகப் போட்டோம். சுமார் 3,060 டாலர் ரீஃபண்ட் வரவேண்டும். ஒரு சென்ட் கூட வரவில்லை, பாக்கிக்குப் பிடித்துவிட்டதாகக் கடிதம்தான் வந்தது. நானும் வேலை பார்க்கிறேன். என் சம்பளம் 62,000, பிடித்த வரி 7,900. அவருடைய சம்பளம் 48,000, பிடித்த வரி 4,100. எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லை. என் பணம் திரும்பக் கிடைக்குமா? நான் கேட்டால் கணவருக்குச் சிக்கல் வருமா? தோழி ஒருத்தி 'இன்னசென்ட் ஸ்பௌஸ்' என்று ஏதோ படிவம் போடச் சொல்கிறாள். அடுத்த வருடம் தனித்தனியாக ஃபைல் செய்துவிடலாமா?

பதில்: கிடைக்கும். உங்கள் கணக்கைப் பார்த்தால் பெரும்பகுதி உங்களுக்கே வரவேண்டியது. ஆனால் நீங்கள் கேட்காமல் யாரும் எடுத்துத் தரமாட்டார்கள். அதற்கான படிவம் 8379, 'இன்ஜூர்ட் ஸ்பௌஸ் அலொகேஷன்', அதாவது பாதிக்கப்பட்ட துணையின் பங்கைப் பிரித்துக் கேட்பது. தோழி சொன்னது 8857, அது வேறு விஷயம். ரிட்டர்னில் கணவர் வருமானத்தை மறைத்து, அந்த வரி உங்கள் தலையிலும் விழுந்தால் போடுவது அது. உங்கள் வீட்டில் வரியில் எந்தத் தப்பும் நடக்கவில்லை. அதை அனுப்பினால் சில மாதம் வீணாகும், அவ்வளவுதான்.

முதலில் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். அதை அனுப்பியது வரித்துறையான ஐ.ஆர்.எஸ். இல்லை, அமெரிக்கக் கருவூலத்தின் 'பியூரோ ஆஃப் த ஃபிஸ்கல் சர்வீஸ்'. ரீஃபண்ட் கையை விட்டுக் கிளம்பும் முன் பாக்கிதாரர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பிடிப்பது இவர்கள் வேலை. 'டிரஷரி ஆஃப்செட் புரோகிராம்' என்று பெயர். மொத்த ரீஃபண்ட் எவ்வளவு, பிடித்தது எவ்வளவு, எந்த அலுவலகத்துக்குப் போனது, அதன் முகவரி, தொலைபேசி எண் எல்லாம் அந்தக் கடிதத்திலேயே இருக்கும். பாக்கித் தொகையே தப்பு என்றால் கணவர் பேசவேண்டியது அந்தச் சைல்டு சப்போர்ட் அலுவலகத்திடம். ஐ.ஆர்.எஸ்.ஸைக் கூப்பிட்டு அரை நாள் லைனில் காத்திருந்தாலும் அந்தப் பாக்கியைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் பங்கைப் பிரித்துக் கேட்பது மட்டும்தான் ஐ.ஆர்.எஸ்.ஸோடு முடிக்கவேண்டிய வேலை.

மாதாமாதம் ஒழுங்காகக் கட்டும்போது ஏன் பிடித்தார்கள் என்று உங்களுக்கு ஆற்றாமை இருக்கும். நடப்பு மாதத் தொகை ஒரு கணக்கு, பழைய பாக்கி இன்னொரு கணக்கு. குழந்தையின் குடும்பம் அரசு நிதி உதவி வாங்கியிருந்தால் பாக்கி 150 டாலரைத் தொட்டாலே போதும், மற்றவர்களுக்கு 500 டாலர். அதற்கு மேல் பாக்கி நிற்கும்வரை, தவணை போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாலும் ரீஃபண்டைப் பிடிப்பார்கள். குழந்தை வேறு மாநிலத்தில் இருப்பதும் இதைத் தடுக்காது. பிடிக்கப்போகிறோம் என்ற முன்னறிவிப்பு கணவரின் பெயருக்கு, அவர்களிடம் இருக்கும் முகவரிக்குப் போயிருக்கும். வீடு மாறியிருந்தால் அது பழைய வீட்டுத் தபால்பெட்டியிலேயே கிடந்திருக்கலாம். உங்கள் பெயருக்குத் தனியாக முன்னறிவிப்பு வராது.

சரி, உங்கள் பங்கு எவ்வளவு? பலர் பாதிக்குப் பாதி என்று நினைத்து 1,530 டாலருக்கு மனதைத் தேற்றிக்கொள்வார்கள். ஐ.ஆர்.எஸ். அப்படிப் பிரிப்பதில்லை. இருவரும் தனித்தனியாக ஃபைல் செய்திருந்தால் யாருக்கு எவ்வளவு வரி வந்திருக்கும் என்று பார்த்து, அதே விகிதத்தில் ஜாயின்ட் வரியைப் பிரிப்பார்கள். அப்புறம் அவரவர் சம்பளத்தில் பிடித்ததிலிருந்து அவரவர் பங்கு வரியைக் கழிப்பார்கள். மிஞ்சுவதுதான் அவரவர் ரீஃபண்ட்.

உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். 2025-க்கு ஜாயின்ட் ஸ்டாண்டர்டு டிடக்ஷன், அதாவது வரி போடும் முன் வருமானத்தில் கழிக்கும் நிலையான தொகை, 31,500 டாலர். ஆளுக்குப் பாதி, 15,750. உங்கள் 62,000-ல் அது போக 46,250. அதில் முதல் 11,925 டாலருக்கு 10 சதவீதம், மீதிக்கு 12 சதவீதம். ஆக உங்கள் வரி சுமார் 5,310. கணவருக்கு 48,000-ல் டிடக்ஷன் போக 32,250, அதன் வரி சுமார் 3,630. உங்களிடம் பிடித்தது 7,900, வரி 5,310, மிச்சம் 2,590. அவரிடம் பிடித்தது 4,100, வரி 3,630, மிச்சம் 470. கூட்டினால் உங்கள் 3,060 வந்துவிடுகிறது. அதாவது மகனின் பாக்கிக்குப் போகவேண்டியது 470 டாலர்தான். உங்கள் 2,590 உங்களுக்குத் திரும்ப வரவேண்டும். சில நூறு டாலர் முன்னே பின்னே ஐ.ஆர்.எஸ். கணக்கில் மாறலாம்; ஆனால் பாதியைவிட எவ்வளவு தள்ளி நிற்கிறது பாருங்கள்.

இதே கணக்கு சிலருக்குப் பாதகமாகவும் முடியும். ஹெச்-4 என்ற துணைவர் விசாவில் வேலை அனுமதி இல்லாமல் வீட்டில் இருக்கும் மனைவிக்குச் சொந்த வருமானமும் கிடையாது, பிடித்த வரியும் கிடையாது. ஜாயின்ட் ரிட்டர்னில் அவர் பெயர் இருப்பதாலேயே ரீஃபண்டில் பங்கு வந்துவிடாது. நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் அவர் 8379 போட்டுப் பெரும்பாலும் பயனில்லை. ஆனால் டெக்சஸ், கலிபோர்னியா, வாஷிங்டன், அரிசோனா, நெவாடா, நியூ மெக்சிகோ, ஐடஹோ, லூசியானா, விஸ்கான்சின் ஆகிய ஒன்பது மாநிலங்களில் கல்யாணத்துக்குப் பின் சம்பாதித்தது பொதுவாக இருவருக்கும் சொந்தம் என்பது சட்டம். அங்கே பங்கு பிரிப்பது மாநிலச் சட்டப்படி நடக்கும், விடை தலைகீழாகவும் மாறலாம். அங்கே இருக்கும் வாசகர்கள் மேலே போட்ட கணக்கைத் தங்களுக்குப் பொருத்திப் பார்க்கவேண்டாம். படிவத்தில் மாநிலத்தின் பெயரைச் சரியாகப் போட்டால் பிரிப்பதை ஐ.ஆர்.எஸ்.ஸே செய்யும்.

இனி படிவம். உங்கள் ரிட்டர்ன் ஏற்கெனவே போய்விட்டதால் 8379-ஐ மட்டும் தனியாக அஞ்சலில் அனுப்புங்கள். அந்த ரிட்டர்னைப் போட்டபோது நீங்கள் குடியிருந்த பகுதிக்கான ஐ.ஆர்.எஸ். மையத்துக்குப் போகவேண்டும். ரிட்டர்ன் படிவமான 1040-ன் நகலை மறுபடி இணைக்கவேண்டாம். ஆனால் இருவரின் டபிள்யூ-2 (கம்பெனி தரும் சம்பள, வரிச் சான்று) நகல்களும், மற்ற வருமானத்துக்கு வரும் 1099 படிவத்தில் வரி பிடித்தது ஏதாவது இருந்தால் அதுவும் அவசியம். இதை விட்டுவிட்டு அனுப்புகிறவர்கள்தான் அதிகம், அங்கேயே தாமதம் தொடங்கிவிடும். பெயர்களும் சோஷியல் செக்யூரிட்டி எண்களும் ஜாயின்ட் ரிட்டர்னில் எந்த வரிசையில் இருந்தனவோ அதே வரிசையில் இருக்கட்டும். கணவர் பெயர் முதலில் இருந்தால் இங்கேயும் அவர் முதலில். பக்கத்திலிருக்கும் கட்டத்தில் 'இன்ஜூர்ட் ஸ்பௌஸ்' நீங்கள்தான் என்று டிக் போட்டால் போதும். கையெழுத்து உங்களுடையது மட்டும், கணவர் போடவேண்டியதில்லை.

பணத்தைப் பிரிக்கும் பகுதியில் மூன்று பத்திகள் (நெடுவரிசைகள்) இருக்கும்: ஜாயின்ட் ரிட்டர்னில் உள்ள தொகை, உங்கள் பங்கு, அவர் பங்கு. சம்பளமும் பிடித்த வரியும் டபிள்யூ-2 யாருடையதோ அவருக்கு. ஸ்டாண்டர்டு டிடக்ஷன் ஆளுக்குப் பாதி. பின்னிரண்டையும் கூட்டினால் முதல் பத்தி வரவேண்டும். ஒரு டாலர் இடித்தாலும் அனுப்பும் முன்பே சரிசெய்யுங்கள். நாளை உங்களுக்குக் குழந்தை பிறந்தால், குழந்தைக்கான வரிச் சலுகையான சைல்டு டாக்ஸ் கிரெடிட்டை, நீங்கள் தனித்தனியாக ஃபைல் செய்திருந்தால் குழந்தையை யார் காட்டியிருப்பாரோ அவர் பத்தியில் போடவேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கான 'ஏர்ன்டு இன்கம் கிரெடிட்' இருந்தால் அதை மட்டும் எழுதவேண்டாம். அதை ஐ.ஆர்.எஸ். தானே இருவர் சம்பளத்தையும் பார்த்துப் பிரிக்கும்.

தனியாக அனுப்பும் படிவத்துக்குச் சுமார் 8 வாரம் ஆகும் என்பது ஐ.ஆர்.எஸ். கணக்கு. அடுத்த வருடம் ரிட்டர்னோடு சேர்த்து ஆன்லைனில் போட்டால் 11 வாரம், காகிதத்தில் போட்டால் 14 வாரம். சேர்த்துப் போடுவதற்குத்தான் கூடுதல் காலம் என்றாலும் நான் அதையே சொல்வேன், ஏனென்றால் பணம் போய்ச் சேரும் முன்பே உங்கள் பங்கு பிரிந்துவிடும். காகித ரிட்டர்ன் என்றால் முதல் பக்கத்தின் இடது மேல் மூலையில் 'இன்ஜூர்ட் ஸ்பௌஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதிவிடுங்கள். ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் செல்லும் என்று நினைக்கவேண்டாம். பாக்கி தீரும்வரை ஒவ்வொரு வருட ரிட்டர்னுக்கும் தனியாகப் போடவேண்டும். முந்தைய வருடங்களிலும் பிடித்திருந்தால், ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 3 ஆண்டு, அல்லது வரி கட்டியதிலிருந்து 2 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை கேட்கலாம்.

கணவருக்குச் சிக்கல் வருமா என்றால், குற்றம் சாட்டுவது போல எதுவும் இதில் இல்லை. ஆனால் ஒன்று நடக்கும். 3,060 டாலரும் போனபோது அவர் பாக்கியில் அந்தத் தொகை வரவு வைக்கப்பட்டிருக்கும். உங்கள் 2,590 திரும்பும்போது பாக்கி அந்த அளவு மறுபடி ஏறும். அதை இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. மறுமுனையில் ஒரு அம்மா இருக்கிறார் என்பதையும் நினைவில் வைத்து, கேட்பதைச் சீக்கிரம் கேளுங்கள். அரசு நிதி உதவி சம்பந்தப்படாத வழக்குகளில், ஜாயின்ட் ரிட்டர்னிலிருந்து வந்த பணத்தை மாநில அலுவலகம் ஆறு மாதம்வரை கொடுக்காமல் நிறுத்திவைக்கலாம்; அந்த அவகாசமே உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். அது கடந்து பணம் அந்த அம்மாவின் கைக்குப் போனபின் நீங்கள் கேட்டாலும் ஐ.ஆர்.எஸ். உங்களுக்குத் தரும். ஆனால் மாநிலம் அதைத் திருப்பிக் கட்டவேண்டி வரும், மாநிலம் அதை அந்த அம்மாவிடம் கேட்கவும் கூடும்.

தனித்தனியாக ஃபைல் செய்தால் உங்கள் ரீஃபண்டை யாரும் தொடமாட்டார்கள், உண்மைதான். உங்கள் எண்களில் வரியும் பெரிதாகக் கூடாது. ஆனால் கல்விக் கடன் வட்டிக் கழிவு, கல்லூரிக் கட்டண கிரெடிட்டுகள் போய்விடும். டேகேர் செலவுக்கான கிரெடிட்டும் ஏர்ன்டு இன்கம் கிரெடிட்டும் பெரும்பாலும் கிடைக்காது. ஒருவர் ஸ்டாண்டர்டு டிடக்ஷனுக்குப் பதில் செலவுகளை ஒவ்வொன்றாகக் காட்டி ஐட்டமைஸ் செய்தால் மற்றவரும் அப்படியே செய்தாகவேண்டும். இரண்டு வழியிலும் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள். ஏப்ரல் கெடு முடிந்தபின் ஜாயின்ட்டைத் தனித்தனியாக மாற்ற முடியாது. தனித்தனியாகப் போட்டதை மூன்று ஆண்டுக்குள் ஜாயின்ட்டாக மாற்றலாம். சந்தேகம் இருந்தால் எந்தப் பக்கம் சாய்வது என்று இதிலிருந்தே தெரியும்.

என்னைக் கேட்டால், 8379-ஐவிட முக்கியம் உங்கள் டபிள்யூ-4, அதாவது சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்கவேண்டும் என்று கம்பெனிக்குச் சொல்லும் படிவம். 5,310 வரிக்கு 7,900 பிடிக்க விட்டிருக்கிறீர்கள். ரீஃபண்ட் பெரிதாக வந்தால் நம் ஊர்க்காரர்களுக்கு ஏதோ போனஸ் வந்த மாதிரி ஒரு சந்தோஷம். அது வருடம் முழுக்க வட்டியில்லாமல் அரசாங்கத்திடம் விட்டுவைத்த நம் பணம். கம்பெனியில் டபிள்யூ-4-ஐ மாற்றிக் கொடுத்தால் மாதம் இருநூறு டாலருக்கு மேல் சம்பளத்தோடு கையில் வரும், பிடிப்பதற்கு மிச்சம் இருக்காது. ரொம்பவும் குறைத்துவிடாதீர்கள், கடைசியில் கட்டவேண்டியது ஆயிரம் டாலருக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொண்டால் அபராதம் வராது.

கணவருக்கு இரண்டு விஷயம். பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் அமெரிக்கக் குடிமகனுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கவும் புதுப்பிக்கவும் மறுப்பார்கள். சென்னைக்கு டிக்கெட் போட்டபின் இது தெரியவந்தால் வீட்டில் நிம்மதி போய்விடும். கிரீன் கார்டில் இருப்பவர் என்றால், வேண்டுமென்றே கட்டாமல் விட்ட பாக்கி குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தைக் கேள்வியாக வந்து நிற்கும். இன்னொன்று, 1986-ல் வந்த கூட்டாட்சிச் சட்டத்தின்படி ஏறிவிட்ட பாக்கியை நீதிமன்றம் பின்தேதியிட்டுக் குறைக்க முடியாது. வேலை போன மாதமே தொகையைக் குறைக்கச் சொல்லி மனு போட்டிருந்தால் அந்தத் தேதியிலிருந்து குறைந்திருக்கலாம். அது முடிந்த கதை. ஆனால் இனி எப்போதாவது சம்பளம் குறைந்தால் அந்த வாரமே மனு போகட்டும்.

8379 கொடுப்பது கூட்டாட்சி ரீஃபண்டுக்கு மட்டும். நியூ ஜெர்சி மாநில ரீஃபண்டையும் பிடித்திருந்தால் அதற்கான வழி வேறு. அது பற்றி மாநிலம் அனுப்பிய கடிதத்தில் இருக்கும் எண்ணில்தான் கேட்கவேண்டும். 8 வாரம் தாண்டியும் தகவலே இல்லாமல் வாடகைக்கே நெருக்கடி என்ற நிலை வந்தால், ஐ.ஆர்.எஸ்.ஸுக்குள்ளேயே மக்களுக்காக இயங்கும் 'டாக்ஸ்பேயர் அட்வகேட் சர்வீஸ்' மாநிலத்துக்கு ஒரு அலுவலகமாவது வைத்திருக்கிறது, கட்டணம் கிடையாது. அங்கே போகும்போது கருவூலக் கடிதம், அனுப்பிய 8379-ன் நகல், அஞ்சல் ரசீது மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.