கிட்டாரில் மயில்

கேள்வி: என் எலெக்ட்ரிக் கிட்டாரில் மயில் வரைய, கோயில் வாகனங்களுக்கு வர்ணம் தீட்டும் ஓவியர் ஒருவரைப் பேசி வைத்திருக்கிறேன். ஓசை கெடுமா? அவரிடம் என்ன சொல்ல வேண்டும்?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ஓசைக்குப் பயப்படாதீர்கள் தம்பி. தந்தியின் அதிர்வை, அதற்குக் கீழே உடலில் பதித்திருக்கும் 'பிக்கப்' என்ற காந்தச் சுருள் எடுக்கிறது. மெல்லிய பெயின்ட் அதைப் பெரிதாக மாற்றாது. பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனின் கிப்சன் எஸ்ஜி கிட்டாரில் 1967இல் 'த ஃபூல்' என்ற டச்சு ஓவியர் குழு வரைந்தது. பீட்டில்ஸ் குழுவின் ஜோர்ஜ் ஹாரிசனோ தன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் தானே கீறினார், மனைவியின் நகப்பூச்சையும் எடுத்து!

கிட்டாரை அப்படியே தூக்கிக் கொடுக்காதீர்கள். கழுத்து, பிக்கப், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் எல்லாவற்றையும் கழற்றி வெறும் உடலைக் கொடுங்கள். ஆனால் அவை வரும் இடங்களைத் தாளில் கீறிக் காட்டுங்கள். இல்லாவிட்டால் வால்யூம் குமிழ் மயிலின் கண்ணில் போய் உட்காரும். கழுத்துக் குழிக்குள் பெயின்ட் படாமல் டேப் ஒட்டச் சொல்லுங்கள். தடித்தால் கழுத்து சரியாக இறங்காது. பழைய பூச்சைச் சுரண்ட வேண்டாம், 400ஆம் நம்பர் சாண்ட்பேப்பரால் மினுக்கம் போகத் தேய்த்தால் போதும். அக்ரிலிக் நல்லது. மேலே கிளியர் என்ற நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு அடிப்பதைக் கார் பெயின்ட் அடிப்பவரிடம் விடுங்கள், கொழும்பு மழை நாளில் மட்டும் வேண்டாம். ஈரத்தில் கிளியர் வெள்ளை பூத்துவிடும். அப்புறம், மாதிரிப் படத்துக்கும் ஓவியருக்குத் தனியாகக் காசு கொடுங்கள். அதுவும் வேலைதானே.