மூட்டம் நீக்கும் ஏஐ மென்பொருளுக்குச் சந்தா கட்டலாமா?

கேள்வி: மலைகளில் எடுத்த படங்களில் தூரத்து முகடுகள் எல்லாம் வெளுத்துக் கிடக்கின்றன. நியூரல் நெட்வொர்க் (உதாரணங்களைக் காட்டிப் பழக்கப்படும் ஏஐ நிரல்) மூலம் மூட்டத்தை நீக்கித் தருவதாகச் சொல்லும் ஒரு மென்பொருள் ஆண்டுச் சந்தா கேட்கிறது. விளம்பரத்தில் உள்ள முன்-பின் படங்கள் அசத்தலாக இருக்கின்றன. வாங்கலாமா?

பதில்: உங்கள் படத்தைப் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். விளம்பரப் படங்கள் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அந்தப் படங்களுக்கு அது சரிப்பட்டது, அவ்வளவுதான்.

விஷயம் பயிற்சியில் இருக்கிறது. நெட்வொர்க்குக்குக் கற்றுக்கொடுக்க, ஒரே காட்சியை மூட்டத்தோடும் மூட்டமில்லாமலும் காட்டும் ஜோடிப் படங்கள் ஏராளமாக வேண்டும். மூட்டம் விலகும்வரை காத்திருந்து எடுத்தால் வெயிலும் நிழலும் மாறிவிடும். அதனால் தெளிவான படத்தின் மேல் கணக்குப் போட்டுச் செயற்கை மூட்டத்தைப் பூசுவதுதான் வழக்கம். ஆராய்ச்சியாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ரிசைட் என்ற படத் தொகுப்பில் பெரும்பகுதி இப்படி உருவானதே. அதிலும் நிறைய அறைக்குள் எடுத்த காட்சிகள்! 2018-இல் வந்த ஓ-ஹேஸ் தொகுப்புக்காக வெட்டவெளியில் இயந்திரம் வைத்து நிஜ மூட்டத்தையே உண்டாக்கினார்கள். அதில் இருப்பது 45 காட்சிகள். செயற்கை மூட்டத்தில் தேறிய நெட்வொர்க் மலைமேல் திட்டுத்திட்டாகப் படரும் நிஜ மூட்டத்தில் தடுமாறுவது இதனால்தான்.

இலவச சோதனைக் காலத்தில் உங்களிடம் உள்ளதிலேயே மோசமான படத்தைக் கொடுங்கள். முழு அளவுக்குப் பெரிதாக்கி, வானத்தில் திட்டோ பட்டையோ விழுந்திருக்கிறதா, முகட்டின் ஓரத்தில் வெள்ளை விளிம்பு தெரிகிறதா என்று பாருங்கள். தூரத்துப் பகுதியில் புள்ளிப்புள்ளியாக நாய்ஸ் கிளம்பியிருக்கும். மலையிலிருந்து வரும் ஒளியில் பத்தில் ஒரு பங்குதான் கேமராவுக்கு வந்து சேர்ந்தது என்றால், அதைப் பத்து மடங்கு பெருக்கித்தான் மீட்க வேண்டும். நாய்ஸும் கூடவே பத்து மடங்காகும். சில மென்பொருள்கள் அதை வழவழவென்று தேய்த்து மறைத்துவிடும். அப்புறம் மரங்கள் களிமண் பொம்மைபோல இருக்கும்.

இன்னொன்று. ஏற்கெனவே ஒரு எடிட்டிங் மென்பொருள் வைத்திருந்தால் முதலில் அதைத் தேடிப் பாருங்கள். லைட்ரூம் எடிட்டிங் மென்பொருளில் மூட்டத்தைக் குறைக்கும் டீஹேஸ் ஸ்லைடர் 2015 முதலே உண்டு. நியூரல் நெட்வொர்க் இல்லாமலே நன்றாக வேலை செய்யும் வழி 2009-இலேயே வந்துவிட்டது. வானமும் வெள்ளைச் சுவரும்தான் அதைக் குழப்பும். லேசான மூட்டத்துக்கு இவையே போதும் என்பது என் கருத்து. எதைப் பயன்படுத்தினாலும், சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக்கைவிட, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் வெளுத்த பகுதியை மீட்பது எளிது. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 ஒளிப் படிகள். 14 பிட் ரா கோப்பில் 16,384. கேமராவை ராவுக்கு மாற்றுவதற்குச் செலவே இல்லை.

சோதனைக் காலம் தொடங்கும்போதே, சந்தா தானாகத் தொடருமா, எங்கே நிறுத்துவது என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பனியில் மங்கிய கண்காணிப்பு கேமரா படத்தில் வண்டி எண்ணைப் படிக்க இது உதவுமா?

பதில்: லேசாக மங்கிய எண் தெளியலாம். எண்ணே தெரியாத இடத்தில் படத்தை உருவாக்கும் வகை நெட்வொர்க் தானாக ஒரு எண்ணை வரைந்துவிடும், அதுவும் பளிச்சென்று. அசல் கோப்பை அழிக்காதீர்கள். புகார் கொடுக்கும்போது அதைத்தான் கொடுக்க வேண்டும்.