அப்பாவின் உயிலில் கையெழுத்துச் சந்தேகம்: பதில்

வணக்கம் சகோதரி. அப்பாவின் கையெழுத்து போலி என்று தனியார் நிபுணர் எழுதித் தந்த அறிக்கை ஒன்றே வழக்கை வெல்லப் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அது கருத்துச் சான்று, அதாவது ஒரு நிபுணரின் அபிப்பிராயம் மட்டுமே. உயிலில் சாட்சிக் கையெழுத்திட்டவர் கூண்டேறி உறுதியாகச் சொன்னால், நீதிபதி பெரும்பாலும் அவரைத்தான் நம்புவார்.

ஆனால் மனம் தளராதீர்கள். உயிலை நிரூபிக்க வேண்டியவர், அதை முன்வைக்கும் உங்கள் அண்ணன். சந்தேகச் சூழல் இருந்தால் அதை விலக்குவதும் அவர் பொறுப்பு என்று 1958இல் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அண்ணனே முன்னின்று உயிலை எழுத வைத்தார் என்கிறீர்களே, அதை அழுத்திப் பிடியுங்கள்.

என்னை உறுத்துவது வேறு. நிபுணர் பார்த்தது ஜெராக்ஸ் பிரதி. பேனாவின் அழுத்தமும், எழுத்தின் நடுவே கை நின்று மறுபடி தொடங்கிய இடமும் அதில் சரியாகத் தெரியாது. நீதிமன்றத்தில் இருக்கும் மூல உயிலை ஆய்வுக்கு அனுப்ப வழக்கறிஞரை மனுப் போடச் சொல்லுங்கள். ஒப்பிட இருபது வருடப் பழைய கிரயப் பத்திரம் உதவாது. பக்கவாதம் வந்தபின் அப்பாவின் கை இயல்பாகவே நடுங்கியிருக்கும். அந்த நடுக்கத்தையே நிபுணர் போலி என்று சொன்னதாக எதிர்த்தரப்பு மடக்கும். உயில் எழுதிய அதே காலத்தில் வங்கியிலும் ஓய்வூதிய அலுவலகத்திலும் அவர் போட்ட கையெழுத்துகளை வரவழைக்க இப்போதே ஏற்பாடு செய்யுங்கள்.