அல்ட்ராசோனிக் தொட்டியில் ஸ்பிரிட் ஊற்றலாமா?

கேள்வி: நகை கழுவ ஒரு சின்ன அல்ட்ராசோனிக் தொட்டி (காதுக்குக் கேட்காத ஒலி அதிர்வால் அழுக்கை நீக்கும் கருவி) வாங்கினேன். அழுக்கு சீக்கிரம் போக ஸ்பிரிட் ஊற்றலாமா? அம்மா கொடுத்த முத்து மாலையைப் போடலாமா? – வாசகி, தோ பாயோ

பதில்: இரண்டும் வேண்டாம். தொட்டி ஓட ஓடத் தண்ணீர் தானாகவே சூடாகும். ஸ்பிரிட்டோ தின்னரோ ஊற்றினால் ஆவி கிளம்பும். ஒரு சின்னப் பொறி போதும், தீப்பிடித்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, அவ்வளவுதான். பிளீச்சும் கூடாது, ஸ்டீலை அரித்துவிடும்.

முத்து, பவளம், ஓப்பல், மரகதம் நான்கையும் தள்ளி வையுங்கள். மரகதத்தில் இருக்கும் விரிசலை எண்ணெய் விட்டு மறைத்திருப்பார்கள். அது வெளியேறினால் கல்லே மங்கிப்போகும். தேக்காவில் என் பட்டறைக்கு வரும் பழைய அட்டிகைகள் சிலவற்றில் கல்லுக்கு அடியில் அரக்கு இருக்கும். அவற்றையும் நான் கையால்தான் கழுவுகிறேன். கல் இல்லாத தங்கச் சங்கிலி, வளையல் என்றால் தாராளமாகப் போடலாம்.

தொட்டிக்குள் போட்டிருக்கும் கோடு வரை தண்ணீர் இல்லாமல் ஸ்விட்சைத் தட்டாதீர்கள், அடியில் ஒட்டியிருக்கும், அதிர்வை உண்டாக்கும் டிரான்ஸ்டியூசர் கெட்டுவிடும். நகை கூடையில் இருக்கட்டும், தொட்டியின் அடிப்பக்கத்தில் உரச வேண்டாம். ஓடும்போது விரலை விட்டுத் துழாவாதீர்கள் (எல்லோருக்கும் அந்த ஆசை வரும்!). தண்ணீரைக் கொட்டும் முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

அப்புறம், தொட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க அலுமினியத் தாள் ஒன்றை ஒரு நிமிடம் தண்ணீரில் தொங்கவிடுங்கள். தாள் முழுக்கப் பொத்தல் விழுந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.