மீன்வளத் துறைப் பணியாளருக்கு இணையவழிப் பயிற்சி பயன்படுமா?

மீன்வளத் துறையில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், துறைமுகப் பணிக்கு நடுவே இணையவழிப் படிப்புகளுக்கு நேரம் ஒதுக்குவது தகுமா, எதில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறார். தமிழகக் கிழக்குக் கடற்கரையில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: தகும். ஆனால் ஒரு சமயத்தில் ஒரே படிப்புதான், அதுவும் விடியற்காலையில் இறங்குதளத்துக்குப் போய் மீனைத் தொட்டுப் பார்க்கும் நாட்களில்தான்.

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் இலவசப் பாடங்களில் தொடங்குங்கள். நம் மாநிலக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் வந்தது. பொறுப்பான மீன்பிடிப்புக்கான அந்த அமைப்பின் உலக நடத்தை நெறி 1995-இல் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் நம் கோப்புகளில் எது விடுபட்டிருக்கிறது என்பது தானாகத் தெரியும். கடலில் மீன் கூடும் இடங்களை முன்னறிவிக்கும், ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் கடலியல் பயிற்சிகளையும் விட்டுவிடாதீர்கள். "சார், மீன் இருக்கிற இடம் இன்னைக்கு ஏன் வரலே?" என்று படகோட்டிகள் கேட்கும்போது, கடற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் பார்க்க வேண்டிய செயற்கைக்கோளை மேகம் மறைத்துவிட்டது என்று விளக்க முடிந்தது அதைப் படித்த பிறகுதான்.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது மீன் இருப்பை மதிப்பிடும் பாடம். அதில் கொடுத்திருந்த நீள அளவுகளை வரைபடமாக்கினால், மீன்கள் வளர வளர முகடு மாதந்தோறும் அழகாக வலப்பக்கம் நகர்ந்தது. நான் எடுத்த கானாங்கெளுத்தி அளவுகளிலோ நான்கு மாதமாகியும் அசையவில்லை. கணக்கைத்தான் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். கடைசியில், ஏலக்கூடையருகே நான் அளவுகோலோடு குனிந்திருப்பதைப் பார்த்துச் சலித்துப்போன மீன்கார அம்மா ஒருவர், "சின்னதெல்லாம் அங்க கிடக்கு சார், நீங்க இங்க தேடுறீங்க" என்றார். படகிலேயே தரம் பிரித்து, குஞ்சுகளைக் கழிசலோடு சேர்த்துத் தீவன ஆலைக்கு அனுப்பியிருந்தார்கள். நான் பெரியவற்றை மட்டுமே அளந்திருந்தேன். மாதிரி பாரபட்சமின்றி இருக்க வேண்டும் என்று பாடம் சொல்லியிருந்தது உண்மை. அதை நான் படித்ததும் உண்மை.

படக்கருவியை அணைத்துவிட்டு வருகைப்பதிவுக்காக மட்டும் உட்காரும் இரண்டு மணி நேரப் பயிற்சிகளும் உண்டு. அவற்றில் கிடைக்கும் சான்றிதழ் பணிப்பதிவேட்டுக்கு உதவலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் நிறையப் படித்துவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். விசைப்படகுகளை நேரில் ஆய்வு செய்யும் வேலை அப்போதுதான் வரும். வலைகள் கரையில் விரித்துக் கிடக்கும் அந்நாட்களுக்குக் கண்ணி அளவு பற்றிய பாடத்தை மட்டும் எடுத்துவையுங்கள். அடுத்தடுத்த இரு முடிச்சுகளுக்கு இடையே அளப்பதற்கும், கண்ணியை இழுத்து நீட்டி எதிரெதிர் முடிச்சுகளுக்கு இடையே அளப்பதற்கும் ஏறக்குறைய இரு மடங்கு வித்தியாசம் வரும் என்பதை ஒரு வலையைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டால், படகு உரிமையாளரிடம் வாதிடும்போது தடுமாற மாட்டீர்கள்.