கல்லாற்றோடு நின்றுகொள்ளுங்கள்

அன்புள்ள ஐயா,

பொம்மை ரயில்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிப்பவன். பல்லடத்தில் விசைத்தறி நடத்துகிறேன். தறிக்குடோனுக்கு மேலே 11 அடிக்கு 9 அடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது. ஜெர்மனியில் வேலை பார்த்துத் திரும்பிய மச்சான் 45 மில்லிமீட்டர் தண்டவாளமும் ஓர் எஞ்சினும் இரண்டு பெட்டிகளும் கொடுத்திருக்கிறார். அளவு 1:22.5 என்று அட்டையில் போட்டிருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை அமைத்துவிட ஆசை. மலையைத் தெர்மாகோலில் செய்யலாமா, அல்லது நீலகிரிப் படம் ஒன்றை ஃப்ளெக்ஸில் அச்சடித்துச் சுவரில் மாட்டிவிடலாமா? இந்த அறைக்கு இவ்வளவு பெரிய ரகம் ஒத்துவராது, சிறியதற்கு மாறிவிடலாம் என்கிறான் மகன். வீட்டில் பாதி அறையைப் பாத்திரம் வைக்கக் கேட்கிறார்கள்.

– ஒரு வாசகர், பல்லடம்

அன்புள்ள நண்பருக்கு,

மகனுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஊட்டி ரயில் மீட்டர்கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கும் நடுவே ஒரு மீட்டர். 1000 மில்லிமீட்டரை 22.5ஆல் வகுத்துப் பாருங்கள், 44.4 வரும். மச்சான் தெரிந்து கொடுத்தாரோ தெரியாமல் கொடுத்தாரோ, உங்கள் தண்டவாளம் கிட்டத்தட்ட அச்சாக நம் மலைப்பாதைதான். மகன் சொல்லும் சிறிய ரகத்தில் அதிகம் கிடைப்பது 16.5 மி.மீ தண்டவாளம். அது 1435 மி.மீ பாதையை 87இல் ஒரு பங்காகக் குறுக்கியது. ஊட்டி வண்டிக்கு அது அகலம். ஈரோடு வழியாகப் போகும் நம் 1676 மி.மீ அகலப்பாதைக்கோ போதாது. இன்னொன்று, நீலகிரியின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் முதலில் வந்தது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரிலிருந்து. உங்கள் பெட்டிக்குள் இருப்பது ஒரு சுவிஸ் மலை எஞ்சின் என்றால், அது நம் எஞ்சினுக்குப் பங்காளி முறை. மாற்ற வேண்டாம்.

ஆனால் ஊட்டியை மறந்துவிடுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர். உங்கள் அளவில் அது 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2637 மீட்டர் தொட்டபெட்டா 117 மீட்டர் உயரத்துக்கு நிற்கும். 11 அடிச் சுவரோ நிஜத்தில் 75 மீட்டர்தான். ஒரு முழு நடைமேடைக்குக்கூடக் காணாது. இதற்குள் ஊட்டியைத் திணிக்கப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே பொருளைத்தான் செய்திருக்கிறார்கள்: நடுவில் ஒரு தெர்மாகோல் குன்று, அதில் ஒரு பொந்து, சுற்றிலும் ஒரு வட்டம். எஞ்சின் பொந்துக்குள் நுழையும்போது கடைசிப் பெட்டி இன்னும் மறுவாயிலிருந்து வெளியே வந்திருக்காது. நோன்பிக் கடை ராட்டினத்தை அறையில் வைத்துக்கொள்ள உங்களுக்கு இத்தனை செலவு எதற்கு?

கல்லாறு போதும். சமவெளி முடிந்து பல்சக்கரப் பாதை தொடங்கும் நிலையம் அது. அதற்கு மேலேதான் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற ஏற்றம். அந்த ஏற்றத்தை நீங்கள் கட்டவே வேண்டியதில்லை. இரண்டடி அகலப் பலகை ஒன்றை நெஞ்சுயரத்தில் நீளச் சுவரோடு ஓட்டி, மூலையில் திருப்பி, ஒன்பதடிச் சுவரில் நாலைந்து அடியைப் பாக்குத்தோப்புக்குப் பின்னால் ஒளித்துவிடுங்கள். வண்டி அங்கே போய் நிற்கட்டும், பிறகு திரும்பி வரட்டும். இந்த ரயிலில் எஞ்சின் எப்போதும் இறக்கப் பக்கம்தான் இருக்கும்; மேலே போகும்போது பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும். அதனால் தோப்புக்குள் முதலில் பெட்டிகள் நுழையும், எஞ்சின் கடைசியில் மறையும். பார்க்கிறவர்கள் எஞ்சினைத்தானே பார்ப்பார்கள்! பலகைக்குக் கீழே பாத்திரம் வைக்கத் தாராளமாக இடமிருக்கிறது என்பதையும் வீட்டில் சொல்லுங்கள்.

இனி சுவர். ஃப்ளெக்ஸ் வேண்டாம் என்று சொல்வதற்கு எனக்கு உரிமை உண்டு, நானே மாட்டிக் கெட்டவன். பளபளப்பில் ட்யூப்லைட் மலையுச்சியில் தெரிந்தது. படத்திலிருந்த வெயில் இடப்பக்கம் அடித்தது, அறையின் வெளிச்சம் வலப்பக்கம். பச்சை அவ்வளவு பச்சையாக இருந்ததால், எஞ்சினை விட்டுவிட்டு எல்லாரும் மலையையே பார்த்தார்கள். ஒரே மாதத்தில் கழற்றிவிட்டேன்.

பிறகு, அந்தக் காலத்தில் சினிமா பேனர் எழுதிய பெரியவர் ஒருவரைப் பிடித்தேன். உங்கள் ஊரில் காடாத் துணிக்கா பஞ்சம்? ஒட்டுப்போடாத நீளத் துணியாக எடுத்து, வளையக்கூடிய மெல்லிய பலகையில் ஒட்டி, அறை மூலையை ஒரு முழம் வளைவாக மறைத்துவிட வேண்டும். மூலைக்கோடு தெரிந்தால் வானம் இரண்டாக மடிந்துவிடும். மேலே பளபளப்பில்லாத டிஸ்டம்பர். பெரியவர் மூன்று நாளில் மலை முழுவதும் மரம் மரமாக எழுதி முடித்தார். அற்புதமாகத்தான் இருந்தது, ஆனால் மலை மேசைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. நான் முகத்தைச் சுளித்திருக்க வேண்டும். அவர் ஒன்றும் பேசாமல் வெள்ளையில் துளி நீலம் கலந்து, மோர் போலத் தண்ணீராக்கி, எழுதியதன்மேல் ஒரு பூச்சு இழுத்தார். காய்ந்ததும் இன்னொன்று. மரங்கள் போயின. மலை நாலு மைல் தள்ளிப் போய் நின்றது. மூன்று நாள் உழைப்பை அப்படி அழிக்க எனக்கு மனம் வந்திருக்காது.

மலையடியும் பலகையும் சேரும் கோடுதான் காட்டிக்கொடுக்கும் இடம். கல்லாற்றில் அதற்குப் பாக்குமரம் இருக்கிறது. நிஜமரம் 12 மீட்டர் என்றால் உங்களுக்கு 53 சென்டிமீட்டர். தண்டுக்கு ஆறேழு மில்லிமீட்டர் மூங்கில் குச்சி சரியாக இருக்கும். அடர்த்தியாக நட்டுக் கோட்டை மூடுங்கள். ஆனால் துணியிலிருந்து ஒரு சாணாவது தள்ளி நடுங்கள். விளக்கையும் பலகையின் முன்விளிம்புக்கு மேலே கட்டுங்கள். நான் நடு அறை விளக்கை நம்பி ஒரு தென்னையைச் சுவரை ஒட்டி வைத்தேன். வானத்தில் அதன் நிழல் விழுந்துகிடந்தது. பேத்தி ஓடிவந்து காக்காய் என்றாள்.

நிலையக் கட்டடம் முழுதாக வேண்டாம். முன்முகம் மட்டும் இரண்டு அங்குல ஆழத்தில் செய்து நிறுத்தினால் போதும். தண்டவாள ஜல்லிக்கு எம்-சாண்டை ரவைச் சல்லடையில் சலித்து, மேலே நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 50 மில்லிமீட்டர் ஜல்லி உங்கள் அளவில் இரண்டு மில்லிமீட்டர்தான். எனக்கு இல்லாத தொல்லை ஒன்று உங்களுக்கு வரப்போகிறது: கீழே தறி ஓடினால் பஞ்சு பறக்கும், எண்ணெய் பட்ட அச்சில் அது நூலாகச் சுற்றிக்கொள்ளும். எண்ணெயைச் சொட்டாக விடுங்கள், ஓடாத நேரத்தில் எஞ்சினைத் துணிபோட்டு மூடிவையுங்கள்.

சன்னல் எந்தச் சுவரில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. நீளச் சுவரில் இருந்தால், பலகை வாங்குமுன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். சன்னலைச் சுற்றி மலை எழுதினால் பகலில் கண் கூசும், வானம் அழுக்காகத் தெரியும். அப்படியானால் மலையை எதிர்ச்சுவருக்கு மாற்றித் திட்டத்தைத் திருப்பிப் போட வேண்டியிருக்கும்.